முதலில் உத்தேசம், பிறகு பொத்தான்

மாணவ நண்பர்களே, 19ஐ 21ஆல் பெருக்கினால் என்ன வரும்?

இதைப் படித்தவுடன் உங்களில் பலருடைய கை கால்குலேட்டரையோ கைப்பேசியையோ தேடியிருக்கும். சிலர் தாளும் பென்சிலும் எடுத்திருப்பீர்கள். வெகு சிலர் மட்டும், "இருபதை இருபதால் பெருக்கினால் நானூறு, ஆகவே விடை நானூறுக்கு மிக அருகில்தான் இருக்க வேண்டும்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சரியான விடை 399. இந்த மூன்றாவது வகையினர் நம் வகுப்பறைகளில் அருகிப் போய்விடக் கூடாதே என்ற கவலைதான் என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இயந்திரங்கள் பெருகப் பெருக மனித மூளை மழுங்கிவிடும் என்று ஒரு சாரார் அஞ்சுகின்றனர். அது வீண் பயம், இயந்திரம் நம் சுமையைக் குறைக்கிறது, மூளை அதனினும் உயர்ந்த வேலைகளைச் செய்யலாம் என்று மற்றொரு சாரார் வாதிடுகின்றனர். பட்டிமன்றங்களிலும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் இந்த வாதம் ஓயாமல் நடக்கிறது. விஞ்ஞான மாணவர்கள் என்ற முறையில் நாம் எந்தப் பக்கமும் சேருமுன் இதற்கு என்ன சான்று இருக்கிறது என்று கேட்க வேண்டும் அல்லவா?

இது பழைய புகார்

கருவியைக் கண்டு அஞ்சுவது நம் காலத்தில் தோன்றியதன்று. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் பிளேட்டோ தமது 'பீட்ரஸ்' என்ற உரையாடல் நூலில் சாக்ரடீஸ் வாயிலாக ஒரு கதையைக் கூறுகிறார். எகிப்தியக் கடவுள் ஒருவர் எழுத்தைக் கண்டுபிடித்து, அது மக்களின் நினைவாற்றலை வளர்க்கும் என்று பெருமையுடன் அரசனிடம் காட்டுகிறார். அரசனோ, எழுதி வைக்கும் வழக்கம் வந்துவிட்டால் மக்கள் எதையும் மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், மறதிதான் வளரும் என்று மறுக்கிறான்.

அரசன் சொன்னது முற்றிலும் பொய்யன்று. நூல் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்ல வல்லவர்கள் இன்று மிகவும் குறைவு. ஆனால் எழுத்து இல்லாவிடில் நியூட்டனும் இல்லை, சி.வி. இராமனும் இல்லை. அவ்வளவு ஏன், எழுத்தைப் பற்றிய அந்தப் புகாரே எழுதி வைக்கப்பட்டதால்தான் நமக்குத் தெரிய வந்திருக்கிறது!

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சிறுவர்கள் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தனர். பெருக்கல் வாய்பாடு மட்டுமன்று, பின்ன வாய்பாடும் அதில் அடங்கும். 1/320 என்றால் முந்திரி, 1/80 என்றால் காணி, 1/20 என்றால் மா, 1/16 என்றால் மாகாணி, 1/8 என்றால் அரைக்கால். இவற்றைக் கூட்டவும் பெருக்கவும் பத்து வயதுப் பிள்ளைகள் கற்றனர். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அன்று அது தேவைப்பட்டது. 1957இல் தசம நாணயமும், அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரிக் அளவைகளும் நடைமுறைக்கு வந்த பின் அந்த வாய்பாடுகளின் தேவை போயிற்று. முந்திரியையும் காணியையும் மறந்ததால் நாம் மூடர்களாகிவிடவில்லை.

ஆகவே புதிய கருவி வந்தால் ஏதோ ஒரு திறமை மங்கத்தான் செய்யும். அந்தத் திறமை எது, அது இல்லாமல் நம்மால் பத்திரமாக வாழ முடியுமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு விடை காண மூளை எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்றே தெரிந்துகொள்வோம்.

நடந்தால்தான் பாதை

மனித மூளையின் நிறை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். உடல் நிறையில் அது இரண்டு சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே உண்டுவிடுகிறது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை செலவு பிடிக்கும் உறுப்பில் வேலையற்ற இணைப்புகளை வீணே பராமரித்துக்கொண்டிருக்க முடியாது. அடிக்கடி பயன்படும் இணைப்புகள் வலுப்பெறுகின்றன; பயன்படாதவை நலிகின்றன. வயல்வெளியின் ஒற்றையடிப் பாதையைப் பாருங்கள். ஆட்கள் நடக்கும்வரை அது பாதை. நடப்பது நின்றால் அடுத்த மழைக்குப் பின் அங்கே புல்தான் இருக்கும்.

இதற்கு நல்ல சான்று லண்டன் மாநகரின் டாக்ஸி ஓட்டுநர்களிடம் கிடைத்தது. அங்கே கறுப்பு டாக்ஸி ஓட்ட உரிமம் வேண்டுமானால் நகரின் நடுப்பகுதியிலுள்ள சுமார் 25,000 தெருக்களை மனத்தில் பதித்துக்கொண்டு கடினமான தேர்வு ஒன்றில் தேற வேண்டும். படம் பார்க்கக் கூடாது; எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குக் கேட்டாலும் வழியைச் சொல்ல வேண்டும். இதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். லண்டன் பல்கலைக் கல்லூரியைச் சேர்ந்த எலினார் மெக்வயர் என்ற விஞ்ஞானி தம் குழுவினருடன் இந்த ஓட்டுநர்களின் மூளையைக் காந்த ஒத்ததிர்வுப் படமெடுத்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். மூளையின் உட்பகுதியில் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பு இருக்கிறது. இடங்களையும் வழிகளையும் நினைவில் வைப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. டாக்ஸி ஓட்டுநர்களிடம் அதன் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. அதிக ஆண்டுகள் ஓட்டியவர்களிடம் இன்னும் பெரிதாக இருந்தது.

ஒருவேளை பிறவியிலேயே அந்தப் பகுதி பெரிதாக அமைந்தவர்கள்தாம் டாக்ஸி ஓட்ட வருகிறார்களோ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி, அந்த விஞ்ஞானிகளும் அதைக் கேட்டார்கள். பயிற்சி தொடங்கிய 79 பேரை முதலில் படமெடுத்து, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் படமெடுத்தார்கள். அவர்களில் 39 பேர் தேர்வில் தேறியிருந்தனர். தேறியவர்களின் மூளையில்தான் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. தொடக்கத்தில் இரு சாராரிடமும் வேறுபாடு இருக்கவில்லை. 2011இல் வெளியான இந்த முடிவு, வளர்ந்த மனிதனின் மூளையும் உழைப்புக்கேற்ப உருமாறும் என்பதைக் காட்டியது. இதே குழுவினர் லண்டன் பஸ் ஓட்டுநர்களையும் முன்னதாக 2006இல் ஆராய்ந்திருந்தனர். அதே தெருக்கள், அதே நெரிசல். ஆனால் பஸ் செல்லும் தடம் முன்னரே வகுக்கப்பட்டது. அவர்களிடம் அந்த வளர்ச்சி காணப்படவில்லை. தெருவில் செல்வதால் மட்டும் மூளை வளர்வதில்லை. எங்கே திரும்புவது என்று தானே முடிவு செய்வதால்தான் வளர்கிறது என்று இதிலிருந்து கருதலாம்.

இன்று நமக்கு வழி சொல்ல ஜி.பி.எஸ். இருக்கிறது. "இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்" என்று ஒரு குரல் சொல்கிறது, நாம் திரும்புகிறோம். அப்போது மூளை என்ன செய்கிறது? 2017இல் அதே லண்டன் கல்லூரியைச் சேர்ந்த மற்றொரு குழுவினர் 24 பேரை, லண்டனின் சோஹோ பகுதித் தெருக்களைத் திரையில் காட்டி வழிகண்டு செல்லச் சொன்னார்கள். தாமே வழி தேடியபோது, புதிய தெருவில் நுழையும் ஒவ்வொரு முறையும் ஹிப்போகாம்பஸ் விழித்துக்கொண்டது. எத்தனை பக்கம் திரும்ப வாய்ப்பிருந்ததோ அத்தனைக்கு அதன் சுறுசுறுப்பு கூடியது. கருவி சொன்னபடி திரும்பியபோது அந்த எழுச்சி காணப்படவில்லை. ஜி.பி.எஸ். உள்ளபோது நாம் நம் சொந்த ஊரிலேயே பஸ் ஓட்டுநர்களாகிவிடுகிறோம்.

இதைக் கொண்டு, ஜி.பி.எஸ். பயன்படுத்துவோரின் மூளை கெட்டுவிடும் என்று முடிவு கட்டுவது அவசரம். அந்தப் பரிசோதனை அப்படிச் சொல்லவில்லை. உரிமம் பெற்ற டாக்ஸி ஓட்டுநர்களே சில வேறு நினைவுச் சோதனைகளில் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஒன்றைப் பெற்றால் மற்றொன்றைக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. நமக்குக் கிடைக்கும் பாடம் எளியது: நாம் கேட்கும் வேலையை மூளை கற்றுக்கொள்கிறது, கேட்காத வேலையைக் கற்பதில்லை.

கால்குலேட்டர் எதைப் பறித்தது?

தெருவில் ஜி.பி.எஸ். செய்வதைக் கணக்கில் கால்குலேட்டர் செய்கிறது. இரண்டுமே திரும்ப வேண்டிய இடங்களில் நமக்காக முடிவு செய்துவிடுகின்றன. ஆயினும் கால்குலேட்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் அதன் பக்கத்துச் சாட்சியையும் விசாரிக்க வேண்டும். 1986இல் அமெரிக்காவில் ஹெம்ப்ரீ, டெசார்ட் என்ற இரு கல்வியாளர்கள் இதுபற்றி அதுவரை நடந்த 79 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தனர். வழக்கமான பாடத்துடன் சேர்த்துக் கால்குலேட்டரைப் பயன்படுத்திய மாணவர்களின் அடிப்படைக் கணக்குத் திறன் கெடவில்லை. பெரும்பாலும் சற்று மேம்பட்டது என்றே அவர்கள் கண்டனர். நான்காம் வகுப்பு மட்டும் இதற்கு விலக்கு. அந்த வயதில் தொடர்ந்து கால்குலேட்டரைப் பயன்படுத்துவது திறனைத் தடுப்பதாகத் தோன்றியது. 'வழக்கமான பாடத்துடன் சேர்த்து' என்ற சொற்களைக் கவனியுங்கள். அடித்தளம் இட்ட பிறகு வரும் கருவி துணை நிற்கும். அடித்தளத்துக்குப் பதிலாக வரும் கருவி அவ்வாறு நிற்காது.

அப்படியானால் பெருக்கல் வேகம் குறைவதைப் பற்றி நாம் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வேறொன்று குறைகிறது. அதைப் புரிந்துகொள்ளக் கால்குலேட்டருக்கு முந்தைய கருவி ஒன்றைப் பார்ப்போம்.

1972இல் முதல் பாக்கெட் விஞ்ஞானக் கால்குலேட்டர் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க ஹியூலெட்-பக்கார்டு நிறுவனத்தின் எச்.பி.-35 என்ற அதன் விலை 395 டாலர். அதுவரை ஏறத்தாழ 350 ஆண்டுகள் உலகின் பொறியாளர்கள் பயன்படுத்தியது ஸ்லைடு ரூல் என்ற கருவி. ஓர் அளவுகோலுக்குள் மற்றோர் அளவுகோல் நகரும். மடக்கை விதிப்படி பிரிக்கப்பட்ட அந்தக் கோடுகளை ஒன்றுக்கொன்று நேர் வைத்தால் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் விடை கிடைக்கும். பாலங்களும் விமானங்களும் இதைக் கொண்டே கணக்கிடப்பட்டன. சந்திரனுக்குச் சென்ற அப்போலோ பயணங்கள் சிலவற்றில் விண்வெளி வீரர்கள் இதை உடன் எடுத்துச் சென்றனர்.

இந்தக் கருவியில் ஒரு குறை உண்டு. 24ஐ 32ஆல் பெருக்கினாலும் 2.4ஐ 320ஆல் பெருக்கினாலும் 0.24ஐ 0.032ஆல் பெருக்கினாலும் அது 7-6-8 என்ற இலக்கங்களையே காட்டும். 768ஆ, 7.68ஆ, 0.00768ஆ என்று அது சொல்லாது. தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்பதைப் பயன்படுத்துபவர்தான் மனத்தால் தீர்மானிக்க வேண்டும். "இருபத்தைந்து முப்பது எழுநூற்றைம்பது, எனவே 768" என்று அவர் ஒவ்வொரு முறையும் உத்தேசம் போட்டாக வேண்டும். மடக்கை அட்டவணையும் அப்படித்தான். அட்டவணை தருவது மடக்கையின் தசமப் பகுதியை மட்டுமே. முழு எண் பகுதியை எண்ணின் அளவைப் பார்த்து நாமே எழுத வேண்டும்.

கருவியின் அந்தக் குறைதான் அதைப் பயன்படுத்தியவர்களுக்கு ஆசிரியராக இருந்தது. எண்ணின் இலக்கங்களைக் கருவி கொடுத்தது. அளவை மனிதன் கொடுத்தான். கால்குலேட்டர் வந்து அந்தக் குறையை நீக்கியது. அதனுடன், உத்தேசம் போட வேண்டிய கட்டாயத்தையும் நீக்கியது. பெருக்கத் தெரியாமல் போவதைவிட இது பெரிய இழப்பு என்பது என் கருத்து. ஏனெனில் கருவி தரும் விடை சரியா தவறா என்று கண்டுபிடிக்க நம்மிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த உத்தேசம்தான். எதைக் கொண்டு கருவியைச் சோதிக்க வேண்டுமோ, அதையே கருவி மறக்கச் செய்கிறது.

கால்குலேட்டர் பொய் சொன்னபோது

கருவி எங்கே தவறு செய்யப் போகிறது என்று கேட்பீர்கள். கருவி செய்யாது, நம் விரல் செய்யும். ஒரு பூஜ்யம் கூடும், ஒரு புள்ளி விடுபடும், பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிடுவோம். கருவி இட்ட வேலையைப் பிசகாமல் செய்து தவறான விடையைப் பளிச்சென்று காட்டும்.

2019இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே சிந்திக்கத்தக்கது. கல்லூரி மாணவர்களுக்குத் திரையில் ஒரு கால்குலேட்டர் கொடுக்கப்பட்டது. சில கணக்குகளில் அது வேண்டுமென்றே பொய் விடை சொல்லும்படி அமைக்கப்பட்டிருந்தது. முதல் சோதனையில் சரியான விடையுடன் 15 சதவீதம் கூட்டிக் காட்டியது. மிகச் சிலரே சந்தேகப்பட்டனர். அடுத்த சோதனையில் பொய்யைப் பன்மடங்கு பெரிதாக்கினர். அப்போதும் பலர் கண்டுகொள்ளாமல் அடுத்த கணக்குக்குச் சென்றனர். எண்ணறிவு மிகுந்த மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கால்குலேட்டரைப் பயன்படுத்துவதில் வேறுபாடு இல்லை. சந்தேகப்படுவதில்தான் வேறுபாடு இருந்தது. கருவியைத் தொடாதவன் கெட்டிக்காரன் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அதை நம்பலாமா என்று அறிந்தவனே கெட்டிக்காரன்.

ஒரு லிட்டர் எரிபொருளின் எடை

ஆய்வுக்கூடத்தில் இத்தகைய தவறு செய்தால் மதிப்பெண் போகும். வெளியே செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன்.

ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று மான்ட்ரியாலிலிருந்து எட்மண்டன் நகருக்குப் புறப்படவிருந்தது. எரிபொருள் அளவு காட்டும் கருவி பழுதுபட்டிருந்ததால் தொட்டியிலுள்ள எரிபொருளைக் கையால் அளந்தனர். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். லிட்டரைக் கிலோகிராமாக மாற்ற 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். உண்மையில் அது ஒரு லிட்டர் எரிபொருள் எத்தனை பவுண்டு என்பதைக் குறிக்கும் எண். அதுவரை அந்த நிறுவனத்தின் விமானங்களில் பவுண்டு கணக்குதான் வழக்கம். இந்தப் புதிய விமானத்தில் மட்டும் கிலோகிராம். சரியான எண் ஏறத்தாழ 0.8.

இந்தத் தவறால் 20,000 லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் மட்டுமே நிரப்பினர். மொத்தம் சுமார் 10,100 கிலோகிராம் எரிபொருளுடன், அதாவது தேவையில் பாதிக்கும் குறைவாக, விமானம் புறப்பட்டது. விமானத்தின் கணிப்பொறியில் 22,300 கிலோகிராம் என்று பதிவு செய்தார்கள். கணிப்பொறி அதை அப்படியே நம்பியது. வழியில் ஒட்டாவாவில் இறங்கியபோதும் அளந்து பார்த்தார்கள், அதே 1.77ஆல் மீண்டும் பெருக்கினார்கள்.

இப்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். 1.77 என்ற எண்ணைப் பார்த்தவுடன் ஏதாவது உறுத்துகிறதா? ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீரின் நிறை ஒரு கிலோகிராம் என்பது உங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பதும் தெரியும். அப்படியானால் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஒரு கிலோகிராமுக்குக் குறைவாகத்தான் இருக்க முடியும், 1.77 கிலோகிராம் இருக்கவே முடியாது! எட்டாம் வகுப்பு மாணவர் கண்டுபிடிக்கக் கூடிய தவறு இது. அனுபவம் மிக்க பணியாளர்கள் பலர் இருந்தும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அவர்கள் பெருக்கியதில் பிழை இல்லை. எண்ணை உலகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் தவறினார்கள்.

41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எச்சரிக்கை மணி ஒலித்தது. சிறிது நேரத்தில் இரண்டு எஞ்சின்களும் நின்றன. எஞ்சின்களிலிருந்து மின்சாரம் வராததால் விமானி அறையின் பெரும்பாலான திரைகளும் இருண்டன. விமானத்தில் 69 பேர் இருந்தனர். அப்போது அவர்களைக் காப்பாற்றியவை இரண்டு. விமானத் தலைவர் ராபர்ட் பியர்சனுக்கு எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களை ஓட்டிப் பழக்கம் உண்டு. துணை விமானி மாரிஸ் குவின்டால் உயரமானி காட்டிய எண்களையும் தரையிலிருந்து ரேடாரில் பார்த்துச் சொன்ன தூரத்தையும் கொண்டு ஒரு கணக்குப் போட்டார். 10 கடல் மைல் செல்வதற்குள் 5,000 அடி இறங்குகிறோம். இந்தக் கணக்கில் வின்னிபெக் விமான நிலையத்தை எட்ட முடியாது என்று கண்டார். அருகில் கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய விமானப்படைத் தளம் இருந்தது. பியர்சன் விமானத்தை அங்கே இறக்கினார். அனைவரும் உயிர் பிழைத்தனர்.

இந்த நிகழ்ச்சியில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்று. தரையில், நிதானமாக யோசிக்க வாய்ப்பிருந்தபோது எண்ணின் அளவை யாரும் எடைபோட்டுப் பார்க்கவில்லை. விமானம் ஆபத்தில் சிக்கியது. வானத்தில், எஞ்சின் நின்றபின் ஒருவர் அளவை மதிப்பிட்டார், விமானம் தப்பியது. ஆபத்து வந்த நேரத்தில் அந்தத் திறமையைப் புதிதாகக் கற்க முடியாது. முன்னரே பழகியிருந்தால்தான் அது கைகொடுக்கும்.

நம் ஆய்வுக்கூடத்தில்

கனடாவுக்குப் போக வேண்டியதில்லை. எந்தக் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும் இதன் சிறிய வடிவத்தை ஆண்டுதோறும் காணலாம். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்தை நான்கு பையின் வர்க்கத்தால் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். நீளத்தைச் சென்டிமீட்டரில் கொடுத்துவிட்டு, விடை மீட்டரில் இருப்பதாக எண்ணி 980 என்று எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. 980 மீட்டர் என்றால் என்ன பொருள்? புவி இப்போதைப்போல் நூறு மடங்கு வலுவாக நம்மை இழுக்கிறது என்று பொருள். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவன் தன்னை 5,000 கிலோகிராம் எடையாக, ஒரு பெரிய ஆண் யானையாக உணர வேண்டும்!

இதைத் தவிர்ப்பது எத்தனை எளிது, பாருங்கள். பையின் வர்க்கம் ஏறத்தாழ 10. நான்கு மடங்கு 40. ஒரு மீட்டர் நீள ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 வினாடி. அதன் வர்க்கம் 4. நாற்பதை நான்கால் வகுத்தால் 10. விடை பத்துக்கு அருகில் வர வேண்டும் என்று ஐந்து வினாடியில் தெரிந்துவிட்டது. அதன்பின் கால்குலேட்டர் 9.78 என்றால் ஏற்றுக்கொள்ளலாம்; 980 என்றால் உடனே "இது தவறு" என்று சொல்லலாம்.

இன்னொரு வியாதியும் உண்டு. மீட்டர் கோலால் மில்லிமீட்டர்வரை அளந்துவிட்டு, நிறுத்துக் கடிகாரத்தில் நேரம் பார்த்துவிட்டு, விடையை 9.784315627 என்று எழுதுவது. கால்குலேட்டர் பத்து இலக்கம் காட்டியதாம், ஆகவே பத்தும் எழுதப்பட்டன! நம் அளவீட்டுக்கு அத்தனை துல்லியம் கிடையாது என்பதைக் கருவி அறியாது. நாம்தான் அறிய வேண்டும்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

கால்குலேட்டரைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஐந்து இலக்க எண்ணை ஐந்து இலக்க எண்ணால் பெருக்கும் உழைப்பைத் தாராளமாகக் கருவியிடம் கொடுத்துவிடலாம். முந்திரியும் காணியும் போன வழியில் அதுவும் போகட்டும். ஆனால் 'இந்த விடை பொருந்துமா?' என்று தீர்ப்பளிக்கும் வேலையைக் கருவியிடம் கொடுக்கக் கூடாது. கணக்குப் பிள்ளையை வேலைக்கு வைக்கலாம். முதலாளி நாற்காலியையும் அவரிடமே கொடுத்துவிட்டால் கடை யாருடையது?

இன்றைய செயற்கை நுண்ணறிவு நிரல்களுக்கும் இது பொருந்தும். கால்குலேட்டராவது இலக்கங்களை மட்டும் தருகிறது. இந்த நிரல்களோ அழகான வாக்கியங்களில் விளக்கமும் சேர்த்துத் தருகின்றன. தவறான விடையையும் அதே உறுதியான குரலில் சொல்லக் கூடியவை. அங்கே உத்தேசம் போடும் பழக்கம் இன்னும் அதிகமாக வேண்டும்.

இதற்காக நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. பொத்தானை அழுத்துமுன் உத்தேச விடையை ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். விடை வந்தபின் இரண்டையும் ஒப்பிடுங்கள். பத்து மடங்கு வேறுபட்டால் எங்கோ தவறு இருக்கிறது. அது உங்கள் உத்தேசத்திலா, விரலிலா என்று தேடுங்கள். அந்தத் தேடலே நல்ல பாடம். புதிய ஊருக்குச் சென்றால், போகும்போது ஜி.பி.எஸ். வழிகாட்டட்டும், திரும்பும்போது அதை அணைத்துவிட்டு உங்கள் ஹிப்போகாம்பஸுக்கு வேலை கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் தேர்வு நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் சூத்திரத்துக்கு மதிப்பெண் தருகிறோம், விடைக்குத் தருகிறோம், அலகுக்குத் தருகிறோம். கணக்கிடுமுன் எழுதிய உத்தேசத்துக்கும் ஒரு மதிப்பெண் ஒதுக்கினால் என்ன? மதிப்பெண் உள்ள இடத்தில்தான் மாணவர் கவனம் செல்லும் என்பது நமக்குத் தெரியாததா?

கடைசியாக இரண்டு கணக்குகள். உங்கள் இதயம் ஒரு நாளில் எத்தனை முறை துடிக்கிறது? நிமிடத்துக்கு 70, மணிக்கு 60 நிமிடம், நாளுக்கு 24 மணி. மனத்தாலேயே பெருக்கிப் பாருங்கள்; ஏறத்தாழ ஒரு லட்சம் வரும். இதற்கு வழி சொல்லிவிட்டேன். அடுத்ததை நீங்களே போடுங்கள். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். உங்கள் வகுப்பறையின் நீளம், அகலம், உயரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, அதிலுள்ள காற்றின் மொத்த நிறையைச் சொல்லுங்கள். அந்தக் காற்றை மூட்டையாகக் கட்டினால் உங்களால் தூக்க முடியுமா? முதலில் விடையை உத்தேசமாக எழுதுங்கள். அதன் பிறகு, வேண்டுமானால், பொத்தானை அழுத்துங்கள்.